அரசு உதவித்தொகை வந்தால் ஜீவனாம்ச பாக்கி குறையுமா? கணக்கு போடுவது எப்படி

கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கு தமிழக அரசு மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. "அதான் கவர்மெண்டு பணம் வருதே, நான் எதுக்கு கொடுக்கணும்?" என்று கேட்கும் கணவர்களும் உண்டு.

பாக்கி கணக்கில் இந்த பேச்சு எடுபடாது. கோர்ட்டு போட்ட தொகையில் கணவர் கட்டியது மட்டுமே கழியும். அரசு கொடுத்தது அவர் கட்டியதாக ஆகாது.

எந்த நாளில் இருந்து கணக்கு? மனு போட்ட நாளில் இருந்தே ஜீவனாம்சம் தரவேண்டும் என்று 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. உத்தரவு நகலில் அந்த தேதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உதாரணமாக 2 குழந்தைகளுக்கு தலா ரூ.3 ஆயிரம் வீதம் மாதம் ரூ.6 ஆயிரம் தரும்படி உத்தரவு. வழக்கு நடந்தது 20 மாதம். மொத்தம் ரூ.1 லட்சத்து 20 ஆயிரம். இடைக்கால ஜீவனாம்சமாக ரூ.20 ஆயிரம் வந்திருந்தால் பாக்கி ரூ.1 லட்சம்.

பலர் கோட்டை விடுவது கெடு விஷயத்தில்தான். 'மொத்தமா சேர்த்து வாங்கிக்கலாம்' என்று சும்மா இருந்துவிடக்கூடாது. தொகை தரவேண்டிய நாளில் இருந்து 1 ஆண்டுக்குள் வசூல் மனு போடவேண்டும். 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் 144-வது பிரிவிலும் இதே கெடுதான்.

பணம் கட்டாதவரை ஜெயிலுக்கு அனுப்பலாம். ஆனால் ஜெயிலுக்கு போய் வந்தாலும் பாக்கி அப்படியேதான் நிற்கும். இதை சுப்ரீம் கோர்ட்டு 1988-லேயே தெளிவுபடுத்திவிட்டது.

வக்கீல் வைக்க வசதி இல்லாத பெண்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. போகும்போது உத்தரவு நகல், பேங்க் பாஸ்புக் இரண்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லவேண்டும்.