பாட்டுக்கு வயசாகலை; காதுக்குத்தான் வயசாகிறது!

தாமரைப்பாக்கத்தில் துயிலும் பாடகர். மில் தொழிலாளிக்கு எட்டாமல் போகும் குரல்

திருவள்ளூர்,-

வாலிப வயதில் கேட்ட பாட்டை 60 வயதில் கேட்டாலும் மனசு துள்ளுகிறது. ஆனால் பாட்டின் சொல் காதில் விழவில்லை என்றால்?

கும்மிடிப்பூண்டி போன்ற தொழில் பகுதிகளில் இரும்பு உருட்டாலை, வார்ப்பாலை என்று 30 வருஷம் இரைச்சலில் உழைத்தவர்களுக்கு வருகிற வேதனை இது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

பிறந்த மண்ணும் இதுதான்

பின்னணி பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது.

அவர் பிறந்தது 1946-ம் ஆண்டு ஜூன் 4-ந்தேதி. பிறந்த ஊர் பள்ளிப்பட்டு அருகே உள்ள கோனேட்டம்பேட்டை. இன்று அது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது.

2020-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந்தேதி சென்னை ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 74. மறுநாள் செங்குன்றத்தைத் தாண்டி உள்ள தாமரைப்பாக்கம் பண்ணை வீட்டில், போலீசார் துப்பாக்கி முழங்க, அரசு மரியாதையுடன் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அப்போது கொரோனா காலம். ஆனாலும் ரசிகர்கள் திரண்டார்கள். வந்தவர்களில் நரைத்த தலைகளும் இருந்தன.

ஏன் இருக்காது? 1969-ம் ஆண்டு 'அடிமைப் பெண்' படத்தில் எம்.ஜி.ஆருக்குப் பாடியபோது பாலசுப்பிரமணியத்துக்கு வயது 22. 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது. அன்று தியேட்டர் வாசலில் டிக்கெட்டுக்கு முண்டியடித்த 18 வயது வாலிபர், இன்று 60-ஐத் தாண்டிய தாத்தா!

அவர் குரலோ மறைந்த பிறகும் ஓயவில்லை. 2021-ல் வந்த 'அண்ணாத்த' படத்திலும் ரஜினிகாந்துக்காக அந்தக் குரல் ஒலித்தது.

ஏ பக்கம் சோகம், பி பக்கம் காதல்

அந்தக் காலத்தில் நினைத்த நேரத்தில் பாட்டு கேட்க முடியாது. விவித்பாரதியிலும் இலங்கை வானொலியிலும் வரும்வரை காத்திருக்க வேண்டும். டீக்கடை ரேடியோவில் பிடித்த பாட்டு வந்தால், டீ ஆறினாலும் ஆள் நகர மாட்டார்.

பிறகு கேசட் வந்தது. சம்பளம் வாங்கியதும் காலி கேசட்டையும், பாட்டுப் பட்டியல் எழுதிய தாளையும் பதிவு செய்யும் கடையில் கொடுப்பார்கள். 60 நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். ஏ பக்கம் சோகம், பி பக்கம் காதல் என்று பார்த்துப் பார்த்துப் பிரிப்பார்கள். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவார்கள்.

சுமார் 10 வயது முதல் 30 வயதுக்குள் நடந்த சம்பவங்கள்தான் பிற்காலத்தில் அதிகம் நினைவுக்கு வருகின்றன என்று மனநல ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்து இருக்கிறார்கள். முதல் வேலை, முதல் சம்பளம், கல்யாணம் எல்லாம் பெரும்பாலும் அந்த வயதில்தான். அப்போது கேட்ட பாட்டும் அவற்றோடு சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது.

ஆக, மூளை மறக்கவில்லை. மோசம் செய்வது காது!

"சத்தமா வை, சொல்லு புரியலை"

முதுமையில் காது மந்தமாவது சகஜம். முதலில் போவது மெல்லிய, உச்சமான ஓசைகள். தபேலா கேட்கும், புல்லாங்குழல் தேயும். ச, த, ப போன்ற எழுத்துகளின் ஓசை மங்கும். பாடுவது கேட்கும், என்ன வார்த்தை என்று பிடிபடாது.

"இன்னும் சத்தமா வை" என்பார் பெரியவர். "தாத்தா, தெருவே கேட்குது, குறைங்க" என்பாள் பேத்தி. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்!

இரைச்சலில் வேலை பார்த்தவருக்கு இந்தக் கதி முன்கூட்டியே வந்துவிடுகிறது. 60-ல் வர வேண்டியது 45-லேயே வரலாம்.

காதுக்குள் நத்தைக்கூடு போல ஓர் உறுப்பு உண்டு. அதில் சுமார் 15 ஆயிரம் நுண்ணிய முடி செல்கள் இருக்கின்றன. ஓசையை மூளைக்கு அனுப்புவது அவைதான். பேரிரைச்சல் தினமும் தாக்கினால் அவை செத்துப் போகின்றன. தலைமுடியாவது வளரும், இவை மீண்டும் வளர்வதில்லை.

எவ்வளவு சத்தம் தாங்கும்?

சாதாரணப் பேச்சு 60 டெசிபல். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்கள் வகுத்த கணக்கு. 88 என்றால் 4 மணி நேரம். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம்தான்! நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை விட்டுக்கொடுத்தன.

கருவி இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். கைக்கு எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும் என்றால், அந்த இடம் காதுக்கு ஆபத்தான இடம்.

இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையை 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமே தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்திருந்தது. ஆனால் கை நசுங்கினால் ரத்தம் வரும், ஊர் கூடும். காது போனால் ரத்தமும் இல்லை, கூட்டமும் இல்லை. தொழிலாளியே, "வயசாச்சுப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

என்ன செய்ய வேண்டும்?

வெறும் பஞ்சை அடைத்தால் போதாது. காதுக்குள் உப்பி அடைக்கும் நுரை அடைப்பானோ, காதை மூடும் கவசமோ வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியது நிர்வாகம். கேட்டு வாங்கி, ஷிப்ட் முழுக்கப் போட வேண்டியது தொழிலாளி.

ஷிப்ட் முடிந்ததும் காதில் 'ஙொய்' என்று சத்தம் கேட்டால் அது எச்சரிக்கை மணி. ஈ.எஸ்.ஐ. உள்ளவர்கள் டிஸ்பென்சரியில் சொல்லி, காது டாக்டரிடம் ஆடியோகிராம் சோதனை செய்துகொள்ளலாம். குறைந்தது 5 ஆண்டு ஈ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெற்றவர்களும் ஆண்டுச் சந்தா கட்டித் தங்களுக்கும் மனைவிக்கும் வைத்தியம் பெற வழி இருக்கிறது.

காது மெஷின் வைக்கப் பலரும் வெட்கப்படுகிறார்கள். கண்ணாடி போட வெட்கமில்லாதவர்களுக்கு இதில் என்ன வெட்கம்? போன சொற்களில் பாதியாவது திரும்பிவரும்.

இது தாத்தாக்கள் கதை மட்டும் அல்ல. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் இன்று பீகார், ஒடிசா வாலிபர்கள் ஏராளம். நாள் முழுக்க இயந்திர இரைச்சல். ரெயிலில் போகும்போது, அந்தச் சத்தத்தையும் மீற இயர்போனில் முழுச் சத்தத்தில் பாட்டு. அவர்கள் இன்று கேட்பதுதான் அவர்களுடைய வாலிபப் பாட்டு. 30 வருஷம் கழித்து அந்தப் பாட்டு இருக்கும். கேட்கக் காது இருக்குமா?