கத்தி கறுத்தால் கெட்டுப் போச்சா?

கடையில் வாங்கும்போது இரும்புக் கத்தி பளபள என்று இருக்கிறது. வீட்டில் இரண்டு வாழைக்காய் நறுக்கினால் போதும், கறுத்துப் போகிறது. "ஐயோ, ஏமாந்து விட்டோமே!" என்று பலர் நினைக்கிறார்கள். செங்கல் பொடி போட்டுத் தேய்க்கிறார்கள். பளபளப்பு திரும்ப வருகிறது. மறுநாள் மறுபடியும் கறுக்கிறது. மறுபடியும் தேய்க்கிறார்கள். தேய்க்கத் தேய்க்கக் கத்தியும் தேய்கிறது. சீக்கிரமே புதுக் கத்தி வாங்க வேண்டியிருக்கிறது. காசு வீண்!

கத்தி கறுப்பது கெடுதலா? இல்லை. கறுப்பு வேறு. துரு வேறு.

துரு என்ன செய்கிறது?

இரும்பு, தண்ணீர், காற்று. இந்த மூன்றும் சேர்ந்தால் செந்துரு பிடிக்கும். துரு பொடிப் பொடியாக உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே தெரியும். அதையும் துரு பிடிக்கும். இப்படியே கத்தியை அரித்துவிடும்.

கறுப்பு என்ன செய்கிறது?

வாழைக்காயில் துவர்ப்பு இருக்கிறது. மாங்காயில் புளிப்பு இருக்கிறது. இவை இரும்பில் பட்டால் அதன் மேல் மெல்லிய கருந்தோல் உண்டாகிறது. இந்தத் தோல் துருவைப் போல உதிர்வதில்லை. இரும்பை ஒட்டிப் பிடித்துக் கொள்கிறது. ஈரமும் காற்றும் இரும்பைத் தொடுவதைக் குறைக்கிறது.

ஆந்திராவில் ஸ்ரீகாளஹஸ்தி என்ற ஊர் இருக்கிறது. அங்கே கலம்காரித் துணிக்குக் கறுப்பு நிறம் இப்படித்தான் வருகிறது. இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் பல நாள் ஊற வைக்கிறார்கள். அந்தத் தண்ணீரைக் கடுக்காயில் நனைத்த துணியில் தீட்டுகிறார்கள். இரும்பும் கடுக்காயின் துவர்ப்பும் சேர்கின்றன. துணியில் கறுப்பு ஏறுகிறது.

டில்லியில் குதுப்மினார் அருகே ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. அதன் நீளம் 7 மீட்டருக்கு மேல். எடை 6 டன்னுக்கு மேல். வயது சுமார் 1600 ஆண்டு. மழையிலும் வெயிலிலும் நின்றும் அது துருவால் அழியவில்லை. ஏன்? அந்த இரும்பில் பாஸ்பரஸ் என்ற பொருள் அதிகம். அதனால் தூணின் மேல் மெல்லிய தோல் ஒன்று உண்டாகி, தூணைக் காக்கிறது. இந்தத் தோல் வேறு வகை. கத்தியின் கருந்தோல் இவ்வளவு பலமானது அல்ல. ஆனால் இரண்டும் செய்வது காவல் வேலைதான்.

கருந்தோலை வளர்ப்பது எப்படி?

1. புதுக் கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். நன்றாகத் துடையுங்கள்.

2. வெங்காயம், மாங்காய், வாழைக்காய் நறுக்குங்கள். சாறு பத்து நிமிடம் கத்தியில் இருக்கட்டும். அதற்கு மேல் வேண்டாம். புளிப்புச் சாறு அதிக நேரம் இருந்தால் கூர் மழுங்கும்.

3. கழுவி, உடனே துணியால் துடையுங்கள்.

4. சில நாள் இப்படியே செய்யுங்கள். முதலில் நீலம் தெரியும். பிறகு சாம்பல் நிறம் வரும். பிறகு கறுக்கும்.

தொடக்கத்தில் காய்கறியிலும் கறுப்பு ஒட்டும். இரும்பு வாசனையும் வரும். பயப்பட வேண்டாம். தோல் வளர வளர இது குறையும்.

காப்பது எப்படி?

கருந்தோல் வந்துவிட்டது என்று கத்தியை ஈரத்தில் போட்டுவிடக் கூடாது. ஈரத்தில் கிடந்தால் கறுத்த கத்தியும் துருப் பிடிக்கும். உப்புத் தண்ணீர் இன்னும் கெடுதல். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து வையுங்கள். பல நாள் எடுக்காத கத்தி என்றால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். மடக்குக் கத்தி என்றால் மடங்கும் இடத்தில் ஈரம் ஒளிந்திருக்கும். அங்கேயும் ஒரு சொட்டு விடுங்கள்.

எங்காவது சிவப்பு தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் சாம்பலும் எண்ணெயும் வைத்துத் தேய்த்து எடுங்கள். சாணை பிடித்தால் விளிம்பு மட்டும் வெள்ளையாகும். அது சரிதான். அது மறுபடியும் கறுக்கும்.

இன்னொரு செய்தி. துருதான் டெட்டனஸ் நோயைக் கொண்டு வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. பளபளக்கும் கத்தியில் அழுக்கு இருந்தாலும் ஆபத்துதான். எந்தக் கத்தி வெட்டினாலும் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள்.

கறுப்பைத் தேய்க்காதீர்கள். சிவப்பை விட்டு வைக்காதீர்கள். கத்தி பல வருடம் உழைக்கும்.