புத்தகத்தை மூடிவைத்துப் படிப்போம்



மார்ச் மாதம் நெருங்கிவிட்டால் நம் பங்குகளில் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காகச் சிறப்புத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். பேனாக்களையும் தேர்வறைச் சீட்டுகளையும் பீடத்தின்முன் வைத்து, மந்திரித்துத் திருப்பிக் கொடுக்கிறோம். எல்லாரும் சென்றபின் ஓரிரு தாய்மார்கள் தயங்கி நிற்பார்கள். "சாமி, ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் படிக்கிறான். காலையில கேட்டா ஒண்ணும் ஞாபகம் இல்லேங்கிறான். இவனுக்கு மூளை கம்மியா சாமி?" பக்கத்தில் நிற்கும் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். அந்தக் கேள்வியை அவன் முன்னால் கேட்டிருக்க வேண்டாமே என்று நம் மனம் வருந்தும். ஏனெனில் பல நேரங்களில் குறை மூளையில் இல்லை, படிக்கும் முறையில்தான் இருக்கிறது. வீட்டிலேயே முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பைத் தொடும் பிள்ளைக்கு அந்த முறையைச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்?

அவன் என்ன செய்கிறான்? ஒரே பக்கத்தை ஐந்து முறை வாசிக்கிறான். ஐந்தாம் முறை ஒவ்வொரு வரியும் பழகிய வரியாகத் தோன்றுகிறது. "தெரிந்துவிட்டது" என்று அடுத்த பக்கத்திற்குப் போய்விடுகிறான். கோவில் வாசலில் ஒருவரைப் பார்த்ததும் முகம் தெரிகிறது, பெயர் வரமாட்டேன் என்கிறது; நமக்கு இது அடிக்கடி நேர்வதுண்டு. தேர்வில் கேட்கப்படுவது முகம் அல்ல, பெயர்.

2006-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கல்லூரி மாணவர் சிலர் ஒரு பாடப்பகுதியை வாசித்துவிட்டு, மறுபடியும் வாசித்தார்கள். வேறு சிலர் ஒருமுறை வாசித்தபின், அதைப் பாராமல் நினைவில் வந்ததையெல்லாம் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் வாசித்தவர்களுக்கு 81 விழுக்காடு நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஆனால் ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழாயிற்று: மீண்டும் வாசித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. ஆக, திரும்பத் திரும்ப வாசிப்பது அன்றைக்கு மட்டும் நம்மை மகிழ்விக்கிறது.

இது நமக்குப் புதிய செய்தியா? 2002-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் செபமாலையில் ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்ததை எண்ணிப் பாருங்கள். மற்ற மறையுண்மைகளைச் சிறுவயது முதலே மனப்பாடமாகச் சொன்ன பாட்டிமார்கள்கூட, வியாழக்கிழமைகளில் சிறு புத்தகத்தைத் தேடினார்கள். தடுமாறினாலும் பரவாயில்லை என்று பாராமல் சொல்லத் துணிந்தவர்களுக்கு அவை விரைவில் வாய்க்கு வந்துவிட்டன. புத்தகத்தைக் கையிலேயே வைத்திருந்தவர்களுள் சிலர் இன்றும் நான்காவதில் நிற்கிறார்கள்!

புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் விவேகம் என்னும் நற்பண்பைப் பற்றி எழுதும்போது, நினைவாற்றலையும் அதன் ஒரு பகுதியாகச் சேர்க்கிறார். அதை வளர்க்க அவர் நான்கு வழிகள் கூறுகிறார்: சற்றே வித்தியாசமான ஒரு உருவத்தோடு பொருளை இணைப்பது, வரிசைப்படுத்துவது, அக்கறையோடு மனத்தில் பதிப்பது, அடிக்கடி எண்ணிப் பார்ப்பது. பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவி சொன்னதைப் பத்தாம் வகுப்புப் பாடத்தில் பொருத்திப் பார்ப்போமே!

1806-ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சியை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரு உருவம்: புதுவகைத் தலைப்பாகை. இனி ஐந்து விரல்களிலும் வரிசை. பெருவிரலில், அந்தத் தலைப்பாகையை அணியவும் சமயக் குறிகளையும் காதணியையும் நீக்கவும் வந்த ஆணை. ஆள்காட்டி விரலில், மறுத்த சிப்பாய்களுக்குக் கசையடி. நடுவிரலில், சூலை 10 விடியுமுன் கோட்டையில் எழுந்த புரட்சி. அடுத்த விரலில், ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பியின் குதிரைப்படை வந்து அதை ஒடுக்கியது. சுண்டு விரலில், சென்னை ஆளுநர் பெண்டிங் பதவியிழந்து திரும்ப அழைக்கப்பட்டது. இனிப் புத்தகத்தை மூடிவிட்டு, விரல்களை மடக்கிக்கொண்டே சொல்லிப் பாருங்கள். ஒரு விரலில் நின்றுவிட்டால் உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். சற்று நேரம் தேடுங்கள். அந்தத் தேடல் வீண்போவதில்லை. பிறகு திறந்து சரிபாருங்கள், ஏனெனில் தவறும் மனத்தில் பதிந்துவிடும்.

இதையே ஒரே இரவில் பத்து முறை செய்வதைவிட, இன்று ஒருமுறை, நாளை ஒருமுறை, நான்கு நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை செய்வது நல்லது. இடைவெளி விட்டுப் படிப்பதன் பயனை எபிங்ஹவுஸ் என்னும் செருமானிய அறிஞர் 1885-லேயே எழுதிவிட்டார். கணக்குக்கு மட்டும் இந்த விரல் கணக்கு உதவாது. அதைப் போட்டுத்தான் பழக வேண்டும்.

பெற்றோரே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. "நான் படிக்காதவள், நான் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?" என்று ஒதுங்கிவிடாதீர்கள். மாலையில் காய் நறுக்கும்போது பிள்ளையை அருகில் அமர்த்தி, "இன்னைக்கு என்ன படிச்சே, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். "அப்புறம்?" என்று கேளுங்கள். "தலைப்பாகைக்குப் போயி ஏன் சண்டை போட்டாங்க?" என்று கேளுங்கள். அந்தத் தலைப்பாகையில் தோல் இருந்தது என்று அவன் விளக்குவான், அல்லது திணறுவான். திணறினால் திட்டாதீர்கள். திணறிய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அதை மட்டும் அவன் மறுபடி படித்துவிட்டு வரட்டும். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். பகலில் படித்தது மனத்தில் உறைவதற்குத் தூக்கமும் தேவை.