கிணற்றுச் சுவர் ஆலங்கன்றும் தொட்டி மரமாகும்

கிணற்றுச் சுவரிலும் பம்பு செட் அறையின் மேல்தளத்திலும் ஆல், அரசு, இச்சி ஆகியவற்றின் கன்றுகள் முளைத்து நிற்பதை எல்லா ஊர்களிலும் காணலாம். பழம் தின்ற பறவைகளின் எச்சத்தில் வந்த விதைகள் சுவர் இடுக்கில் தங்கி முளைத்தவை இவை. மேலே தெரியும் தண்டை மட்டும் ஆண்டுதோறும் அரிவாளால் வெட்டிவிட்டால் போதாது. வேர் உள்ளே பருத்துக்கொண்டே போகும். நாளடைவில் கல் பெயர்ந்து, சுவர் பிளந்து, செலவு பெருகும். எனவே, இக்கன்றுகளை இளமையிலேயே வேரோடு அகற்றுவது அவசியம்.

அவ்வாறு அகற்றும் கன்றை எறிந்துவிடாமல், ஓரடி அல்லது ஒன்றரை அடி உயரத்தில் முழு மரத்தின் தோற்றத்தோடு தொட்டியில் வளர்க்க முடியும். இதுவே போன்சாய் முறையாகும். நகரத்தாருக்கே உரிய பொழுதுபோக்கு என்று பலரும் இதை எண்ணுகின்றனர். உண்மையில் கவாத்து, பதியன், வேர் நேர்த்தி ஆகியவற்றைக் கையால் செய்து பழகிய உழவருக்கே இது எளிதில் கைவரும்.

போன்சாய் என்பது யாது?

'போன்சாய்' என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நடப்பட்டது என்பது பொருள். இக்கலை சீனத்தில் தோன்றி ஜப்பானுக்குச் சென்றது. சீனத்தில் கி.பி. 706-ஆம் ஆண்டைச் சேர்ந்த இளவரசர் ஒருவரின் கல்லறைச் சுவரில், சிறு செடிகளும் கற்களும் அமைந்த தட்டைப் பணியாளர் ஏந்தி நிற்கும் ஓவியம் உள்ளது. ஜப்பானில் 1923-ஆம் ஆண்டு ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்திற்குப் பின், டோக்கியோவிலிருந்து வெளியேறிய போன்சாய் வளர்ப்போர் 1925-இல் ஓமியா என்ற இடத்தில் குடியேறினர். அவ்வூர் இன்றும் போன்சாய்க் கிராமம் என்றே வழங்குகிறது.

மரத்தைப் பட்டினி போட்டுக் குட்டையாக்குவதே இம்முறை என்று சிலர் கருதுகின்றனர். இது தவறு. பட்டினி கிடக்கும் மரம் சில ஆண்டுகளிலேயே பட்டுப்போகும். ஹிரோஷிமா நகரில் யமாகி என்ற குடும்பத்தார் தலைமுறைகளாக வளர்த்த ஊசியிலை மரம் ஒன்று 1625-ஆம் ஆண்டு முதல் தொட்டியில் வளர்ந்து வருகிறது. 1945 ஆகஸ்டு 6 அன்று அந்நகரில் அணுகுண்டு வீசப்பட்டபோதும் அது தப்பியது. 1976-இல் அமெரிக்க நாட்டிற்கு நன்கொடையாக அளிக்கப்பட்டு, வாஷிங்டன் நகரில் பேணப்பட்டு வருகிறது. ஒழுங்கான நீரும் உரமும் இல்லாமல் ஒரு மரம் இத்தனை காலம் வாழ இயலாது.

குட்டையாக இருப்பதற்குக் காரணம் வேறு. கிளையின் நுனிக்குருத்தில் உண்டாகும் வளர்ச்சிப் பொருள், கீழுள்ள மொட்டுகளை உறங்க வைக்கிறது. நுனியைக் கிள்ளினால் அம்மொட்டுகள் விழித்துப் பக்கக்கிளைகள் வெடிக்கின்றன. முருங்கையிலும் துவரையிலும் நுனி கிள்ளுவதும் இதற்காகவே. மேலே நுனியையும் கீழே வேரையும் அளவோடு வெட்டிவந்தால் மரம் உயராமல், அடர்ந்து பருக்கும்.

ஏற்ற மரங்கள்

நமது சமவெளிக்கு ஆலமர இனமே மிகவும் ஏற்றது. பாறை இடுக்கிலும் சுவரிலும் சிறிதளவு மண்ணைக்கொண்டே வாழப் பழகிய இனமாதலால், ஆழமில்லாத தொட்டியை அது பொறுத்துக்கொள்ளும். இவற்றுள் சிற்றிலை கொண்ட இச்சி புதியவர்களுக்கு முதல் தேர்வாகும். நாற்றுப் பண்ணைகளில் இது 'பைகஸ்' என்ற பெயரில் விற்கப்படுகிறது. ஆலின் இலை பெரியது. அதனால் ஆலங்கன்றைச் சற்றுப் பெரிய மரமாகவே அமைத்தால்தான் பார்வைக்குப் பொருந்தும்.

புளி, கொடுக்காப்புளி, மாதுளை, எலுமிச்சை, காகிதப்பூ ஆகியவையும் நன்கு வரும். மாதுளையும் எலுமிச்சையும் தொட்டியிலேயே காய்க்கும். ஆனால், இலை சிறுத்தாலும் காயின் அளவு அதிகம் சிறுக்காது. ஆகவே, இரண்டு மூன்று காய்களுக்கு மேல் விடாமல் கிள்ளிவிட வேண்டும். படங்களில் காணும் ஜப்பானிய மேப்பிள் போன்ற மரங்களுக்குக் குளிர்கால உறக்கம் தேவை. சமவெளியில் அவற்றை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

கன்று சேகரித்தல்

சுவரில் முளைத்த கன்றைப் பிடுங்கி இழுத்தால் வேர் அறுந்து சுவரிலேயே தங்கிவிடும், மீண்டும் துளிர்க்கும். சுவரை நன்கு நனைத்து, கன்றைச் சுற்றியுள்ள காரையை உளியால் மெல்லப் பெயர்த்து, வேருடன் எடுக்க வேண்டும். எடுத்த இடத்தைச் சிமெண்டுக் கலவையால் உடனே அடைத்துவிட வேண்டும். கிணற்றின் உட்சுவரில் உள்ள கன்றுக்காகத் தனியே இறங்குதல் கூடாது. இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் நிறுத்திய பின்னரே இறங்க வேண்டும்.

எடுத்த கன்றின் வேரை ஈரச்சாக்கில் சுற்றி, அன்றே நட்டுவிட வேண்டும். இலைகளில் பாதியைக் கிள்ளிவிட்டால் வாடுவது குறையும். பென்சில் பருமனுள்ள போத்துகளை 15 முதல் 20 செ.மீ. நீளத்தில் வெட்டி மழைக்காலத்தில் நட்டும் இச்சியைப் பெருக்கலாம். புளியை விதை மூலம் பெறலாம். காப்புக்காடுகளிலிருந்து செடி எடுத்தல் சட்டப்படி குற்றம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலில் நிலத்தில், பின்பு தொட்டியில்

புதியவர்கள் செய்யும் பெரும் பிழை, பென்சில் பருமனுள்ள கன்றை உடனே தட்டுத் தொட்டியில் நடுவதாகும். தட்டில் நட்டபின் அடிமரம் பருப்பது ஏறக்குறைய நின்றுவிடும். பத்தாண்டு ஆனாலும் அது கன்றாகவே தோன்றும். அடிமரம் பருக்க வேண்டுமானால் வேரும் கிளையும் தாராளமாக ஓட இடம் வேண்டும். நிலம் வைத்திருப்போருக்கு உள்ள பெரிய வாய்ப்பு இதுதான். மாடியில் வளர்ப்போருக்கு இது கிடைக்காது.

தோட்டத்தின் ஒரு மூலையில், கட்டடத்திற்கும் கிணற்றுக்கும் தொலைவில் அரையடி ஆழத்திற்குக் குழியெடுத்து, அடியில் ஒரு தட்டையான ஓட்டுத்துண்டை வைக்க வேண்டும். கன்றின் ஆணிவேரை வெட்டிவிட்டு, பக்கவேர்களை ஓட்டின்மேல் நாலாபுறமும் விரித்து நட வேண்டும். ஓடு தடுப்பதால் வேர் கீழே இறங்காமல் பக்கவாட்டில் படரும். பிற்காலத்தில் மரத்தின் அடியில் வேர்கள் விரிந்து தெரிவதே அதற்கு முதிர்ந்த தோற்றத்தைத் தரும்.

இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் தடையின்றி வளரவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிலும் மண்வெட்டியால் வேரைக் கத்தரித்து வர வேண்டும். அடிமரம் கட்டைவிரல் பருமனுக்கு மேல் ஆனதும், நாம் விரும்பும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு விட்டு மேல்தண்டை வெட்டிவிடலாம். அதன்கீழ் வெடிக்கும் துளிர்களுள் ஒன்றை நுனியாகவும் மற்றவற்றைக் கிளைகளாகவும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெட்டுக்காயத்திற்குப் போர்டோ பசை தடவ வேண்டும். மயில்துத்தம் 10 கிராமை 50 மி.லி. நீரிலும், சுட்ட சுண்ணாம்பு 10 கிராமை 50 மி.லி. நீரிலும் தனித்தனியே கரைத்துப் பின் ஒன்றாகக் கலந்தால் பசை தயார். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தையே பயன்படுத்த வேண்டும், இரும்பு கூடாது. ஆலினத்தின் பால் தோலிலும் கண்ணிலும் எரிச்சல் உண்டாக்கும். வெட்டியபின் கையையும் கத்தரியையும் கழுவிக்கொள்வது நல்லது.

தொட்டியும் மண் கலவையும்

தொட்டியின் நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கும், ஆழம் அடிமரத்தின் பருமனை ஒட்டியும் இருப்பது மரபு. நமது கோடையின் கடுமையை எண்ணி, ஆழத்தை 6 முதல் 8 செ.மீ. வரை வைத்துக்கொள்ளலாம். விலை உயர்ந்த பீங்கான் தொட்டி கட்டாயமன்று. ஊர்க் குயவரிடம் சொல்லி, அடியில் இரண்டு பெரிய துளைகளும் நான்கு கால்களும் உள்ள மண் தட்டைச் செய்துகொள்ளலாம். துளையில்லாத தொட்டியில் மரம் நிச்சயம் அழுகும்.

வெறும் வயல்மண் ஆகாது. கரிசல் மண் காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும். நனைந்தால் காற்றை அடைக்கும். செம்மண் ஒரு பங்கு, 3 முதல் 5 மி.மீ. அளவுள்ள செங்கல் துண்டுகள் அல்லது பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு எனக் கலந்து, மாவு போன்ற தூசியைச் சலித்து நீக்க வேண்டும். மேலே ஊற்றிய நீர் சில நொடிகளில் அடித்துளை வழியே வெளியேறினால் கலவை சரியானது.

தொட்டிக்கு மாற்றுதல்

சித்திரை, வைகாசி வெயிலில் மாற்றுதல் கூடாது. ஆடியில் மழைக்குணம் கண்டபின் மாற்றினால் வேர் விரைவில் பிடிக்கும். துளைகளை நைலான் வலைத்துண்டால் மூடி, அதன் வழியே ஒரு கம்பியைச் செலுத்தி வைக்க வேண்டும். மரத்தைத் தோண்டியெடுத்து, கீழ்நோக்கிய தடித்த வேர்களை நீக்கி, மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டவேண்டும். மேலேயும் அதற்கேற்பக் கிளைகளைக் குறைக்க வேண்டும். பின் தொட்டியில் வைத்துக் கம்பியால் ஆடாமல் கட்டி, வேர்களுக்கிடையே வெற்றிடம் இல்லாதபடி குச்சியால் மண்ணைக் குத்தி நிரப்ப வேண்டும். ஆடும் மரத்தில் புதுவேர் அறுந்துகொண்டே இருக்கும். முதல் மூன்று வாரம் மரநிழலில் வைத்திருந்து பின் படிப்படியாக வெயிலுக்குக் கொண்டுவரலாம்.

இளமரங்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், முதிர்ந்தவற்றை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் இதேபோல் வேர் வெட்டி மண் மாற்ற வேண்டும். நீர் மேலேயே தேங்கி நின்றால் தொட்டி வேரால் நிரம்பிவிட்டது என்று அறியலாம்.

கவாத்தும் கம்பி கட்டுதலும்

துளிர் ஆறு முதல் எட்டு இலை விட்டதும், அடியில் இரண்டு மூன்று இலை நிறுத்தி மீதியைக் கிள்ளிவிட வேண்டும். ஒரே இடத்தில் எதிரெதிராகக் கிளம்பும் கிளைகளில் ஒன்றை நீக்கவும். கீழ்க்கிளை தடித்தும், மேலே போகப்போக மெலிந்தும் குறுகியும் இருக்க வேண்டும். ஊர்ச் சாவடியில் நிற்கும் வயதான ஆலமரத்தைச் சற்றுத் தொலைவில் நின்று கூர்ந்து பார்த்தாலே கிளையமைப்பு விளங்கிவிடும்.

கிளையை வளைக்க, உறை நீக்கிய பழைய மின்கம்பியே போதும். அலுமினியம் நல்லது, செம்பாயின் நெருப்பில் காய்ச்சி ஆறவிட்டால் மென்மையாகும். கம்பியின் பருமன் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். 45 பாகைச் சாய்வில் சீராகச் சுற்றி, சிறிது சிறிதாக வளைக்க வேண்டும். ஆலினம் விரைவில் பருப்பதால் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை பார்த்து, பட்டையில் பதியுமுன் கம்பியை வெட்டி எடுத்துவிட வேண்டும். பதிந்த வடு மறையப் பல ஆண்டுகள் ஆகும்.

நீரும் உரமும்

தொட்டி மரம் சாவது பெரும்பாலும் நீரால்தான். ஒன்று மிகுதியால், அல்லது மறதியால். மேல்மண் காயத் தொடங்கியதும், அடித்துளையில் வெளியேறும்வரை ஊற்ற வேண்டும். கோடையில் காலை, மாலை இருவேளையும் தேவைப்படும். அடைமழையில் தொட்டியைச் சற்றுச் சாய்த்து வைக்கலாம். அறுவடைக்காலத்தில் வீட்டார் அனைவரும் வயலுக்குப் போய்விட்டால், ஒரே நாள் வெயிலில் பத்தாண்டு உழைப்பு கருகிவிடும். ஆகவே, நீர் ஊற்றும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் ஒப்படைப்பது நல்லது. உப்பு நீர் பாய்ச்சும் இடங்களில் மண்மேல் வெண்மை படியும். மழைநீரைத் தேக்கி வைத்து அவ்வப்போது ஊற்றினால் உப்பு அலசப்படும்.

கடலைப்பிண்ணாக்கில் தழைச்சத்து சுமார் 7 விழுக்காடு உள்ளது. 100 கிராம் பிண்ணாக்கை ஒரு லிட்டர் நீரில் ஒரு வாரம் ஊறவைத்து, தெளிந்த நீரைப் பத்து மடங்கு நீர் சேர்த்து, வளர்ச்சிக் காலத்தில் 15 நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம். யூரியாவைத் தொட்டியில் போடுதல் கூடாது. சிறு மண்ணில் வேர் கருகிவிடும். மண் மாற்றிய நான்கு வாரத்திற்கு எந்த உரமும் வேண்டாம்.

பயிர்ப் பாதுகாப்பு

எறும்பு ஏறினால் மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ உள்ளதென்று தேடிப் பார்க்க வேண்டும். பழைய பல்துலக்கியால் தேய்த்தெடுத்து, லிட்டருக்கு 10 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். இச்சியின் இளந்தளிர் இரண்டாக மடிந்து சுருண்டால் அதனுள் இலைப்பேன் இருக்கும். அத்தளிர்களைக் கிள்ளி எரித்துவிட வேண்டும். நீர் போதுமான அளவு இருந்தும் இலை மஞ்சளாகி உதிர்ந்தால், தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்க்க வேண்டும். கறுத்து அழுகிய வேர்களை வெட்டிவிட்டுப் புதிய கலவையில் நட வேண்டும். போன்சாயை வீட்டினுள் நிரந்தரமாக வைப்பதும் தவறு. நாளும் நான்கைந்து மணி நேர வெயிலாவது அதற்கு வேண்டும்.

வருமானம் வருமா?

நன்கு அமைந்த மரத்திற்கு நகரங்களில் விலை உண்டு. ஆயினும், விற்கத்தக்க மரமாக ஆறேழு ஆண்டுகளாவது ஆகும். கன்றுக்கு முன்பணம் பெற்றுக்கொண்டு, வளர்ந்தபின் வாங்கிக்கொள்கிறோம் என்று கூறுவோரை நம்பிப் பயிர்க்கடனையோ நகையையோ இதில் முடக்க வேண்டாம். ஓய்வு நேரப் பழக்கமாகவே தொடங்குவது நலம்.

இவ்வாண்டு மூன்று கன்றுகளுடன் தொடங்கலாம். இரண்டை ஓட்டின்மேல் நிலத்தில் நட்டுப் பருக்கவிட்டு, ஒன்றைச் சாதாரண மண்சட்டியில் வைத்து நீர் ஊற்றவும் நுனி கிள்ளவும் பழகிக்கொள்ள வேண்டும். சட்டிக் கன்று முதல் கோடையைப் பசுமையாகக் கடந்துவிட்டால், நீர்க்கணக்கு கைவந்துவிட்டது என்று பொருள். நிலத்தில் உள்ள மற்ற இரண்டும் தொட்டிக்கு வரும் தறுவாயில், அவற்றைப் பேணும் திறமும் உடன் வந்திருக்கும்.