மஞ்சள் விளக்கு எரிந்தால் பாகத்தை மாற்றாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்

காரின் டேஷ்போர்டில் எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு உண்டு. ‘செக் எஞ்சின்’ விளக்கு என்று நாம் சொல்வது இதைத்தான். அது எரிந்தால் பட்டறையில் ஸ்கேனரை மாட்டுவார்கள். திரையில் ஒரு குறியீடு வரும். அதை வைத்து ஏதாவது ஒரு சென்சாரை மாற்றி, விளக்கையும் அணைத்துக் கொடுப்பார்கள். சில நாள் கழித்து விளக்கு மறுபடியும் எரியும். இப்படி அலைந்து களைத்து வருகிற கார்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

கிள்ளானில் உள்ள ஒரு பட்டறையில் கார்க் கோளாறுகளைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. எஸ்.பி.எம். முடித்து என்ன படிக்கலாம் என்று யோசிக்கும் மாணவர்களில் பலர், இதைக் கையில் கிரீஸ் படியும் வேலையாக மட்டுமே நினைக்கிறார்கள். இதில் மூளைக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை, அண்மையில் வந்த ஒரு காரை வைத்துச் சொல்கிறேன்.

மூன்றாவது தடவை

அந்தக் காரின் சொந்தக்காரர் ஓர் அம்மா. அந்தக் காரில்தான் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கிச் சம்பாதிக்கிறார். “தம்பி, ரெண்டு தடவை ஆக்சிஜன் சென்சார் மாத்தியாச்சு. எழுநூறு வெள்ளிக்கு மேல போச்சு. இப்ப மறுபடியும் எரியுது” என்றார். கார் ஓடாத நாளில் அவருக்கு வருமானமும் இல்லை.

ஸ்கேனரில் வந்த குறியீடு பி0171. முதல் எழுத்தான ‘பி’ எஞ்சின், கியர் பகுதியைக் குறிக்கும். அடுத்து வரும் 0, இது எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவான குறியீடு என்று காட்டும். 1 என்றால் எரிபொருள், காற்று அளவு சம்பந்தப்பட்டது. கடைசி இரண்டு எண்கள் குறிப்பிட்ட குறையைச் சொல்லும். மொத்தத்தில் இதன் பொருள்: கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ‘சென்சார் கெட்டுவிட்டது’ என்று இந்தக் குறியீடு எங்கும் சொல்லவில்லை.

பெட்ரோல் சரியாக எரிய, எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார், எரிந்த பிறகு மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்துக் கணினிக்குச் சொல்கிறது. இந்தக் காரில் அதன் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விடாமல் ஏறி இறங்கியது. அதாவது சென்சார் உயிரோடு இருக்கிறது, வேலையும் செய்கிறது. செய்தி கொண்டுவந்த தூதுவனைத்தான் இரண்டு முறை மாற்றியிருக்கிறார்கள்.

எண்கள் காட்டிய வழி

கலவையில் பெட்ரோல் குறைந்தால் கணினி சும்மா இருக்காது. கூடுதலாகப் பெட்ரோல் தெளித்துச் சரிக்கட்டப் பார்க்கும். எவ்வளவு கூட்டுகிறது என்பது ஸ்கேனரில் ‘ஃபியூயல் டிரிம்’ என்ற பெயரில் சதவீதமாகத் தெரியும். பூஜ்ஜியத்துக்கு அருகில் இருந்தால் நல்லது. இந்தக் காரை நிறுத்தியபடி ஓடவிட்டபோது அது கூட்டல் 25 காட்டியது. எஞ்சின் வேகத்தை 2,500 சுற்றுக்கு ஏற்றியதும் கூட்டல் 5 ஆக இறங்கியது.

இந்த இரண்டு எண்களும்தான் துப்பு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நின்றபடி ஓடும்போது, காற்றை அளக்கும் சென்சார் வழியாக வினாடிக்கு 2 கிராம் காற்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் உள்ள ஓர் ஓட்டை வழியாக, அளவில் சேராத 0.5 கிராம் நுழைகிறது. அது 25 சதவீதம். வேகம் கூடி 10 கிராம் காற்று போகும்போது அதே 0.5 கிராம் வெறும் 5 சதவீதம்தான். ஓட்டை மாறவில்லை; அதன் பங்குதான் சுருங்கிவிட்டது. பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தால் நிலைமை தலைகீழாக இருக்கும்: எஞ்சினுக்குச் சுமை கூடக் கூடச் சதவீதம் ஏறும்.

குறை தெரிந்த நொடியில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்பதையும் கணினி சேமித்து வைக்கும். அந்தப் பதிவில் காரின் வேகம் பூஜ்ஜியம் என்று இருந்தது. பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தபோது பதிவானதாக இருக்கலாம். அதுவும் காற்றுக் கசிவையே சுட்டியது.

அடுத்து, காற்று நுழையும் பாதைக்குள் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்தினேன். சில நிமிடங்களில் ஒரு சிறிய ரப்பர் குழாயின் அடிப்பக்கத்திலிருந்து புகை கசிந்தது. எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மீண்டும் உள்ளே இழுக்கும் குழாய் அது. எஞ்சின் சூட்டில் ரப்பர் கெட்டியாகி வெடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் விரிசல் தெரியாது. புதுக் குழாயின் விலை 30 வெள்ளிகூட இல்லை. மாற்றியதும் சதவீதம் கூட்டல் 3க்கு வந்தது. அதன்பிறகு விளக்கு எரியவில்லை.

அப்படியானால் முன்பு இரண்டு தடவையும் விளக்கு அணைந்தது எப்படி? ஸ்கேனரால் பதிவை அழித்தால் எந்தக் காரிலும் விளக்கு அணையும். பெரும்பாலான குறைகளில், அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே குறை தெரிந்தால்தான் கணினி மறுபடியும் விளக்கைப் போடும். அந்த இடைவெளியில் ‘சரியாகிவிட்டது’ என்று எல்லாரும் நம்பிவிடுகிறார்கள்.

மாணவர்களுக்கு

மேலே நான் பயன்படுத்தியவை சதவீதம், மின்னழுத்தம், காற்றழுத்தம். எல்லாம் பள்ளியில் படிக்கும் கணிதமும் அறிவியலும்தான். சதவீதக் கணக்கு எதற்கு என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு இந்தக் குழாயைக் காட்டலாம்.

இத்துறையில் ஆர்வமுள்ளவர்களுக்கு வழிகளும் உண்டு. தொழிற்கல்லூரிகள், தொழிற்பயிற்சிக் கழகங்கள், போலிடெக்னிக்குகள் ஆகியவற்றில் வாகனத் தொழில்நுட்பம் படிக்கலாம். மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். முதல் மூன்று நிலைகளைக் கொண்டது. நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. படிக்கும்போதே ஒரு பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பாகத்தைக் கழற்றும் முன், அது கெட்டுவிட்டது என்று நினைக்க என்ன ஆதாரம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுத எதுவும் இல்லையென்றால், இன்னொரு சோதனை பாக்கி இருக்கிறது என்று பொருள்.

காரோட்டும் அனைவருக்கும் ஒரு குறிப்பு. விளக்கு நிலையாக எரிந்தால், கார் வழக்கம்போல் ஓடும் பட்சத்தில், விரைவில் பட்டறைக்குக் கொண்டு போங்கள். மின்னிக்கொண்டே இருந்தால், சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். தொடர்ந்து ஓட்டினால் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றி சேதமடையும். பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்திவிடுங்கள்.

பட்டறையில் ஏதாவது பாகத்தை மாற்றச் சொன்னால், மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: “இதுதான் கெட்டது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது?” நல்ல தொழில்நுட்பர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். ஸ்கேனர் திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார்.