ஓட்டம் வராத நாட்களில் உடலைக் கவனியுங்கள்

1990 நவம்பரில் சண்டிகரில் இலங்கைக் கிரிக்கெட் வீரர் மார்வன் அத்தபத்து தனது முதலாவது டெஸ்ட் போட்டியில் ஆடினார். இரண்டு இன்னிங்ஸிலும் பூச்சியம். 1992 இல் கொழும்பில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகப் பூச்சியமும் ஒன்றும். 1994 இல் அகமதாபாத்தில் மறுபடியும் இரண்டு பூச்சியம். ஆறு இன்னிங்ஸில் மொத்தமே ஒரு ஓட்டம். அதன்பின் மூன்று வருடம் டெஸ்ட் அணியில் அவருக்கு இடமில்லை. 1997 இல் திரும்பி வந்தவர், அந்த வருடமே மொஹாலியில் முதற்சதம் அடித்தார். ஓய்வுபெறும்போது 90 டெஸ்ட்களில் 5502 ஓட்டங்கள், 16 சதங்கள். அவற்றில் ஆறு இரட்டைச் சதங்கள்.

வன்னியின் மல்லாவியில் பாடசாலை அணிக்கோ கழகத்துக்கோ விளையாடும் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லி, "மனந்தளராதே" என்று முடித்துவிடலாம். ஆனால் தளராமல் இருப்பது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். நம்பிக்கை புத்திமதியால் மட்டும் நிலைப்பதில்லை. நித்திரை, சாப்பாடு, மூச்சு, பயிற்சி ஒழுங்கு ஆகியவைதான் அதைத் தாங்குகின்றன.

அழுத்தத்தில் உடலுக்கு என்ன நடக்கிறது?

"நீ அடித்தால்தான் வெற்றி" என்ற நிலை வந்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தோளும் கையும் இறுகுகின்றன. கொஞ்சம் பதற்றம் நல்லது. உடலை விழிப்பாக வைத்திருக்கும். அளவு மீறும்போது பழகிய கை தடுமாறுகிறது. வழக்கமாகத் தானாக நடக்கும் அசைவை, "காலை எங்கே வைக்கிறேன், மணிக்கட்டு சரியா" என்று மூளை ஒவ்வொன்றாகக் கண்காணிக்கத் தொடங்குவது இதற்கு ஒரு முக்கிய காரணம்.

உதைபந்தாட்டத் தண்ட உதைகளை ஆராய்ந்து நோர்வேயின் கெய்ர் யோர்டெட் குழுவினர் 2008 இல் வெளியிட்ட ஆய்வு, அழுத்தத்தில் ஆட்டம் தடுமாறுவதைத் தெளிவாகக் காட்டியது. கோல் விழுந்தால் உடனே வெற்றி என்ற நிலையில் பத்தில் ஒன்பது உதைகள் கோலாயின. தவறினால் உடனே தோல்வி என்ற நிலையில் பத்தில் ஆறளவுதான். இத்தனைக்கும் உதைத்தவர்கள் உலகின் முன்னணி வீரர்கள். பதற்றம் கோழைத்தனம் அல்ல. எவருடைய உடலிலும் நடப்பதுதான்.

எதை எண்ணுவது?

துடுப்பாட்ட வீரர் ஒரு நல்ல பந்தில் ஆட்டமிழந்தால் அன்றைய கணக்கு முடிந்தது. உதைபந்தாட்ட முன்கள வீரருக்கு ஒரு போட்டியில் இரண்டு வாய்ப்புக் கிடைப்பதே அரிது. மூன்று போட்டியின் ஓட்டத்தையோ கோலையோ வைத்துத் திறமையை அளந்தால் அளவு பிழைக்கும். அத்தபத்துவின் ஆறு இன்னிங்ஸும் மூன்று வருடத்துக்கு மேல் சிதறிக் கிடந்தவை. அந்த இடைவெளிகளில் அவர் உள்நாட்டுப் போட்டிகளில் தொடர்ந்து ஆடி ஓட்டங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே ஒரு கொப்பியில் வேறு கணக்கை எழுதுங்கள். எத்தனை பந்தைத் துடுப்பின் நடுவில் வாங்கினேன்? எத்தனை முறை சரியான இடத்துக்கு ஓடினேன்? வலைப்பந்தாட்டப் பயிற்சியில் இருபது எறிகையில் எத்தனை வளையத்துள் விழுந்தன? இவை நம் கையில் இருப்பவை. தன்னம்பிக்கையை ஆராய்ந்த உளவியலாளர் அல்பேட் பண்டுரா, அதற்கு மிக வலுவான ஊற்று தானே செய்து முடித்த அனுபவம் என்றார். சறுக்கிய வாரத்தில் பயிற்சியை இலகுவான எறிகைகளில் தொடங்கி, மெல்லமெல்லக் கடினமாக்குவது அதனால்தான்.

ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கு

வலைப்பந்தாட்டத்தில் பந்தைக் கையில் வைத்திருக்க மூன்று செக்கன்தான். அதற்குள் செய்யக்கூடிய சிறிய ஒழுங்கு ஒன்றைப் பழகுங்கள்: காலை ஊன்றி, மூச்சை வெளியே விட்டு, வளையத்தின் ஒரே புள்ளியில் பார்வையை நிறுத்தி, எறியுங்கள். தண்ட உதைக்கும் துடுப்பாட்டத்துக்கும் அவரவருக்கு ஏற்ற ஒழுங்கு இருக்கட்டும். நெருக்கடியில் புதிதாக எதையும் முயலாதீர்கள்.

போட்டிக்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை வெளியே விடுங்கள். நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும்.

களைத்த உடலா, போன திறமையா?

திறமை போய்விட்டது என்று நினைக்குமுன் உடலைப் பாருங்கள். பதின்ம வயதினருக்கு இரவில் எட்டு முதல் பத்து மணிநேர நித்திரை தேவை. காலையில் வெறும் பிளேன்ரீயோடு பாடசாலைக்குப் போய், பின்னேரம் பயிற்சிக்கு நிற்கும் பிள்ளையின் கால் கனப்பதில் வியப்பில்லை. அவித்த கடலை, முட்டை, பயறு, குரக்கன், முருங்கையிலை எல்லாம் இங்கேயே கிடைப்பவை. மாதவிடாய் அதிகமாகப் போகும் பெண்பிள்ளைகளுக்கு இரத்தச்சோகை வரலாம். மூச்சு வாங்குதலும் ஓயாத களைப்பும் அதன் அறிகுறிகள். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். வன்னி வெயிலில் தாகம் எடுக்குமுன்பே தண்ணீர் குடியுங்கள். நீண்ட பயிற்சி என்றால் உப்பும் சீனியும் சேர்த்த தேசிக்காய்த் தண்ணீர் உதவும்.

ஓய்வும் பயிற்சியின் பகுதிதான். 2019 நவம்பருக்குப் பின் சர்வதேசச் சதம் இல்லாதிருந்த இந்தியத் துடுப்பாட்ட வீரர் விராட் கோலி, 2022 இல் ஒரு மாதமளவு துடுப்பையே தொடவில்லை. மனச்சோர்வோடு இருந்ததை வெளிப்படையாகச் சொன்னார். அந்த செப்டெம்பரில் துபாயில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 122 ஓட்டங்கள் அடித்தார்.

வீட்டாரும் பயிற்றுவிப்பாளரும்

மாங்குளத்தால் பஸ் ஏறிப் போய், தோற்றுத் திரும்பும் பிள்ளையிடம் முதற் கேள்வி "இண்டைக்கு எத்தனை அடிச்சனீ?" என்று வரக்கூடாது. "சாப்பிட்டியா, எப்பிடிப் போச்சு?" என்று கேளுங்கள். ஒரு சறுக்கலுக்காக அணியிலிருந்து தூக்குவதாக மிரட்டினால், பிள்ளை அடுத்த போட்டியில் பந்தைப் பார்க்காது. பயிற்றுவிப்பாளரின் முகத்தைத்தான் பார்க்கும். திருத்தத்தைத் தனியே கூப்பிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றாகச் சொல்லுங்கள்.

எப்போது உதவி நாடுவது?

இரண்டு வாரத்துக்கு மேல் நித்திரையின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, கூட்டாளிகளை விட்டு ஒதுங்குதல், காரணமில்லா அழுகை அல்லது கோபம், விளையாட்டிலேயே பிடிப்பில்லாமை இருந்தால் அது வெறும் சறுக்கலாக இல்லாமல் இருக்கலாம். போரையும் இடம்பெயர்வையும் கடந்த குடும்பங்களில் பிள்ளையின் சோர்வுக்கு மைதானத்துக்கு வெளியேயும் காரணம் இருக்கக்கூடும். அருகிலுள்ள வைத்தியசாலையில் மனநலப் பிரிவு பற்றி விசாரியுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். உயிரை மாய்க்கும் எண்ணத்தைப் பிள்ளை வாய்விட்டுச் சொன்னால் இரண்டு வாரம் பார்த்திருக்க வேண்டாம். தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.