மகளைத் தேடி வந்த தாய்

பெண்களிடம் ரகசியம் தங்கக் கூடாது என்று தர்மபுத்திரர் சபித்துவிட்டாராம். அந்தச் சாபம் கிரீஸ் தேசத்தை எட்டவில்லை போலிருக்கிறது! அங்கே எலூஸிஸ் என்னும் க்ஷேத்திரத்தில் சுமார் ஆயிரம் ஆண்டுகள் பெண்களும் ஆண்களும் காத்த ரகசியம் இன்றும் முழுதாக வெளிப்படவில்லை.

ஏதென்ஸுக்கு மேற்கே 20 கிலோ மீட்டர் தூரத்தில் கடலோரமாக இருக்கிறது எலூஸிஸ். தானியங்களின் தேவியான டெமீட்டர் கோயில் கொண்ட ஊர். பூப்பறிக்கப் போன அவளுடைய அருமை மகள் பெர்ஸிபோனியைப் பாதாள அரசன் தூக்கிச் சென்றுவிட்டான். ஒன்பது நாள் அன்ன ஆகாரமின்றி, கையில் தீவட்டியுடன் தேடினாள் தாய். கடைசியில் கிழவி வேஷத்தில் எலூஸிஸ் கிணற்றடியில் வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் அவளை ஆதரவுடன் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

தாயின் துக்கத்தில் பூமியில் ஒரு விதைகூட முளைக்கவில்லை. தேவர்கள் பயந்து மகளைத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் அவள் பாதாளத்தில் ஒரு மாதுளை முத்தைத் தின்றுவிட்டாளே! ஆகவே வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கே, மீதி அம்மாவிடம். அவள் வந்தால் வசந்தம்!

இதைக் கொண்டாட ஆண்டுதோறும் ஏதென்ஸிலிருந்து ஊர்வலம் புறப்படும். கிரேக்க மொழி அறிந்தவர், கொலைப் பாதகம் செய்யாதவர் எவரும் வரலாம். எஜமானி, அடிமை என்ற பேதமில்லை. விரதமிருந்து, பார்லி பானம் அருந்தி, இரவில் பெரிய மண்டபத்தில் கூடுவார்கள். அங்கே கண்டதை வெளியே சொன்னால் மரண தண்டனை! ஆனால் திரும்பியவர்களுக்குச் சாவைப் பற்றிய பயம் குறைந்திருந்ததாம்.

கி. பி. 392-ல் ரோமச் சக்கரவர்த்தி தியோடோஸியஸ் பழைய வழிபாடுகளைத் தடுத்தார். 396-ல் காத் படையினர் கோயிலைப் பாழாக்கினார்கள். இன்று எஞ்சியிருப்பவை அந்தக் கிணறு, தூண்களின் அடிப்பாகங்கள், பாறையில் வெட்டிய படிகள்.

கோயில் போயும் பக்தி போகவில்லை. பாதி புதைந்து கிடந்த ஒரு பெண் சிலையால்தான் வயல் விளைகிறது என்று கிராமத்தார் நம்பினார்கள். விசேஷ நாளில் விளக்கேற்றினார்கள். 1801-ல் கிளார்க் என்ற ஆங்கிலேயர், துருக்கிய அதிகாரியிடம் அனுமதி வாங்கி அதைக் கப்பலேற்றினார். இங்கிலாந்துக் கரையருகே கப்பல் உடைந்தது. சிலை தப்பி, கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தது. அது தேவியல்ல, வாசல் மண்டபத்தைத் தாங்கிய தூண் என்கிறார்கள் அறிஞர்கள். விளக்கேற்றிய கைகளுக்கு அதுவா முக்கியம்?

பாதாளம் போன மகளாவது வருஷம் தவறாமல் தாயிடம் வந்தாள். கடல் கடந்து போன சிலையோ இன்னும் ஊர் திரும்பவில்லை.